அந்திப் பக்கிக்குப் பெயர் எழுதும் முன்

திண்டுக்கல் சமவெளியில் பறவை பார்க்கும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

வேடசந்தூர், குஜிலியம்பாறை, ஒட்டன்சத்திரம், நத்தம், நிலக்கோட்டை என்று நம் மாவட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பறவைப் பட்டியல்கள் வருகின்றன. 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளைக் குறிப்பேடும் கையுமாக வயல்வரப்புக்கும் கண்மாய்க்கரைக்கும் அழைத்து வந்தது. நீங்கள் கொக்கையும் நாரையையும் எண்ணுவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்த மடல் உங்கள் பட்டியலின் ஒரே ஒரு வரியைப் பற்றியது. பொழுது சாய்ந்தபின் பதிவாகும் பக்கியைப் பற்றிய வரி அது.

தலைக்குமேல் ஏதோ பறந்தது, கறுப்பாகத் தெரிந்தது, சிறகு நீளமாக இருந்தது, சத்தமே இல்லை. பட்டியலில் ‘இந்தியப் பக்கி’ என்று ஏறிவிடுகிறது. சிலர் ‘காட்டுப் பக்கி’ என்று எழுதுகிறார்கள். குரல் கேட்டதா என்று விசாரித்தால், இல்லை, பார்த்தோம் என்கிறார்கள். நான் உங்களிடம் கேட்பது இதுதான்: அந்தியில் பறக்கும் பக்கிக்குக் கண்ணை நம்பி இனப்பெயர் எழுதாதீர்கள். குரல் கேட்டால் எழுதுங்கள். கேட்காவிட்டால் ‘பக்கி’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படி நிறுத்துவதற்கு ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அது நம் நிலத்தைப் பற்றிய காரணம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

அது பக்கிதானா என்று தெரிந்துகொள்ளக் கண் போதும். நம் ஊரில் அந்தி குறுகியது. சூரியன் மறைந்து அரை மணிக்குள் இருட்டிவிடும். அந்த நேரத்தில் வானத்தில் இருப்பவை சில மட்டுமே. பனை உழவாரன்கள் உயரத்தில் அரிவாள் சிறகோடு வட்டமிட்டுவிட்டுப் பனையோலைக்குள் அடையும். வல்லூறு நான்கைந்து அடி சிறகடித்து, கொஞ்சம் மிதந்து, நேராகத் தன் அடையும் மரத்துக்குப் போகும். வௌவால் சிறகை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போகும். அதற்குப் பின்னால் நீண்ட வால் தெரியாது. புள்ளி ஆந்தைக்குத் தலை பெரிது, வால் கட்டை. பக்கியோ தரையை ஒட்டி வரும். சிறகும் வாலும் நீளம், கழுத்தே இல்லாத தலை. மூன்று நான்கு தளர்ந்த அடிக்குப் பிறகு சிறகை மேலே தூக்கிப் பிடித்து மிதக்கும். பிறகு காரணம் தெரியாமல் சட்டென்று திரும்பும். காரணம் ஒரு விட்டிலோ வண்டோ ஈசலோதான். வாய் காது வரைக்கும் பிளக்கும். வாயோரம் விறைப்பான மயிர்கள். பறந்தபடியே வாயைத் திறந்து பூச்சியை அள்ளிவிடும்.

இதுவரைக்கும் கண் உதவும். இதற்கு மேல் கண்ணுக்கு வேலை இல்லை.

பகலில் ஒரு பக்கியைக் கையெட்டும் தூரத்தில் கண்டிருந்தால் ஏன் என்று உங்களுக்கே புரியும். பழுப்பு, சாம்பல், கறுப்பு, வைக்கோல் நிறம் என்று கீற்றுக் கீற்றாக இழைத்த உடம்பு. கழுத்துப் பட்டையின் நிறம், தோள் இறகின் விளிம்பு, வாலின் நடு இறகில் கோடு இருக்கிறதா இல்லையா என்பவைதான் நூல்கள் சொல்லும் வேறுபாடுகள். இந்தியப் பக்கி 24 சென்டிமீட்டர், மைனா அளவு; சவானாப் பக்கி அதைவிடச் சற்றே பெரிது; ஜெர்டன் பக்கியும் காட்டுப் பக்கியும் 28 சென்டிமீட்டரை ஒட்டி. ஆறே முக்கால் மணி வெளிச்சத்தில், ஒப்பிட வேறு பொருள் இல்லாத வானத்தில், இந்த நான்கு சென்டிமீட்டரை யாராலும் அளக்க முடியாது. சிறகிலும் வால் ஓரத்திலும் வெள்ளைப் புள்ளி தெரிந்தது என்பீர்கள். இந்தியப் பக்கியில் ஆண் பெண் இரண்டுக்கும் அது உண்டு. சவானாப் பக்கியில் ஆணுக்கு வாலின் ஓர இறகு பெரும்பாலும் வெள்ளை. பெண்ணுக்கு அந்த வெள்ளை கிடையாது. ஆக, வெள்ளை தெரியாதது பெண்ணா, வேறு இனமா, அல்லது வெளிச்சம் குறைவா? ஒரு நொடியில் கடந்து போகும் நிழலில் இதற்கு விடை கிடைக்காது.

இந்தத் திண்டாட்டம் நமக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் அந்தியில் பறக்கும் நைட்ஹாக் என்ற பறவை பக்கிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரிது ஒன்று, சிறிது ஒன்று என அங்கே இரண்டு இனங்கள். சிறகின் வெள்ளைப் பட்டை சிறியதற்கு நுனிக்கு நெருக்கமாக இருக்கும், பெரியதற்குச் சற்று உள்ளே தள்ளி இருக்கும். நல்ல வெளிச்சத்தில் இது சரிதான். வெளிச்சம் போனபின் அங்கே இருப்பவர்களும் காதைத்தான் தீட்டுகிறார்கள்: பெரியது பறந்தபடி ‘பீன்ட்’ என்று மூக்கால் கத்தும், சிறியது தாழ்ந்த ஒரே அதிரொலியை விடாமல் இழுக்கும்.

நம் பக்கிகளில் காதின் வேலை இன்னும் பெரிது. ஜெர்டன் பக்கியை நெடுங்காலம் வடகிழக்கிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் பெருவால் பக்கியின் ஒரு கிளை என்றே எழுதி வந்தார்கள். காட்டுப் பக்கியையும் கிழக்காசியாவின் சாம்பல் பக்கியையும் ஒரே இனமாக வைத்திருந்தார்கள். அருங்காட்சியகத் தட்டில் தோலை அடுக்கிப் பார்த்தவர்களுக்கு அவை ஒன்றாகத் தெரிந்தன. குரலை ஒப்பிட்டபோதுதான் பிரிவு துலங்கியது. தோலைக் கையில் வைத்திருந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், நிழலைப் பார்க்கும் நமக்கு?

ஆகவே குரல்களுக்கு வருவோம். இதில் அவசரப்பட வேண்டாம்.

சமவெளியில் நீங்கள் அதிகம் கேட்கப் போவது இந்தியப் பக்கி. காரைத் தரையில் ஒரு கோலிக்குண்டைக் கைதவற விட்டால் முதலில் இடைவெளி விட்டுத் துள்ளும், பிறகு துள்ளல் நெருங்கும், முடிவில் ஒரே நடுக்கமாக அடங்கும். அதுதான் இதன் பாட்டு: ‘சக்… சக்… சக்-சக்-சக்-சக்ர்ர்ர்’. ஒருமுறை கேட்டால் மறக்காது. பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே வரும். கல்லின் மேலிருந்து, வேலிக்காலின் மேலிருந்து, வண்டிப்பாதையின் நடுவிலிருந்து. வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியும் உள்ள கொறங்காடுகளில், மானாவாரி நிலத்தின் ஓரத்தில், ஆவாரையும் விராலியும் படர்ந்த மேட்டில் நின்று கேளுங்கள். கிடைபோடும் ஆட்டுக்காரர்களிடம் விசாரியுங்கள். திறந்த வெளியில் ஆட்டுக்குப் பக்கத்தில் படுப்பவர்களுக்கு இந்தக் குரல் தெரியாமல் இருக்காது. எந்த மேட்டில் எந்த மாதத்தில் கேட்கும் என்று உங்களுக்கும் எனக்கும் முன்பே அவர்கள் சொல்வார்கள். ஆட்டுக்கூட்டத்தைச் சுற்றிப் பக்கி திரிவதைப் பார்த்துத்தான் ஐரோப்பாவில் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே இது இரவில் வெள்ளாட்டின் மடியில் பால் குடிக்கிறது என்று நம்பி வந்தார்கள். அது வந்தது பாலுக்காக அல்ல, ஆட்டைச் சுற்றி எழும் பூச்சிக்காக.

சவானாப் பக்கியின் வழக்கம் வேறு. இது பறந்துகொண்டே கூப்பிடும். ‘ச்வீட்’ என்று ஒற்றை அசை, கூர்மையும் கரகரப்பும் கலந்தது, சில நொடிக்கு ஒருதரம். அந்தி தொடங்கியதும் சிறிது நேரம் விடாமல் கேட்கும். தலைக்குமேல் நிழலும் அதோடு இந்தச் சத்தமும் சேர்ந்து நகர்ந்தால், துணிந்து பெயரை எழுதுங்கள். கல்லும் சரளையும் நிறைந்த திறந்த வெளி, புதர் அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ள மேடு, வறண்ட ஆற்றுப்படுகை ஆகியவை இதற்குப் பிடித்த இடம். குடகனாற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் கரையோரக் கல்வெளிகளில் நின்று காது கொடுங்கள்.

ஜெர்டன் பக்கிக்கு மரநிழல் வேண்டும். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் 1845இல் அறிவியலுக்கு விவரித்த பறவை இது. தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டு அதிகம் வெளியே போகாதது. சிறுமலை அடிவாரம், ஆத்தூர் காமராஜர் அணைக்கு மேற்கே பழனிமலைச் சாரல் போன்ற இடங்களில் இதை எதிர்பார்த்துக் கேளுங்கள். ‘ச்-வோ-வோ’, ‘ச்-வோ-வோ’ என்று உருண்ட, ஈரமான தட்டல். இடையில் தாழ்ந்த கரகர ஒலியும் வரும். இதையும் இந்தியப் பக்கியையும் அடிவாரத்தில் ஒரே இரவில் ஒரே இடத்திலிருந்து கேட்க முடியும்.

காட்டுப் பக்கி மலைப்பறவை. ‘தக்கூ… தக்கூ…’ என்று ஒரே சீராக அடுக்கிக்கொண்டு போகும். 18 கொண்டைஊசி வளைவு ஏறிச் சிறுமலைக்குப் போனால் அது பொருந்தும் இடம் வரும். சமவெளிப் பட்டியலில் இந்தப் பெயர் வரும்போதுதான் எனக்கு நெருடுகிறது. ஒலிப்பதிவு இல்லாமல் அதை அங்கே எழுதவே வேண்டாம்.

இப்போது, ஏன் இவ்வளவு வற்புறுத்தல் என்ற கேள்விக்கு வருகிறேன்.

இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பு என்று நடுவண் அரசின் நிலவளத் துறை வெளியிடுகிறது. 2019இல் ஒரு பதிப்பு வந்தது. அதில் புதர்நிலம் தரிசு வகைகளுள் ஒன்று. பக்கி முட்டையிடும் மேடு, கண்கிலேடி ஓடும் சரளை, ஆள்காட்டி கத்தும் களம், இவையெல்லாம் அந்தக் கணக்கில் பயனற்ற நிலத்துக்குள் போய்விடுகின்றன. பயனற்றது என்று எழுதிய நிலத்துக்கு எதையும் கொண்டுவரலாம். மனைப்பிரிவு வரலாம், சூரிய மின்தகடு வரலாம், நல்ல எண்ணத்தோடு குழி தோண்டி மரம் நடுகிறவர்களும் வரலாம். காட்டை அழித்தால் கேட்க ஆள் உண்டு. கரட்டை அழித்தால், அங்கே என்ன இருந்தது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நம் கையில் உள்ள விடை உங்கள் பட்டியல்தான்.

அந்த விடையில் ‘காட்டுப் பக்கி’ என்று இருந்தால் என்ன ஆகும்? அது மலைக்காட்டுப் பறவை, வழிதவறி வந்திருக்கும், அதற்குக் காடு இருக்கிறது என்று சொல்லிவிட முடியும். திறந்த கல்வெளியில் கூப்பிட்ட சவானாப் பக்கியை இந்தியப் பக்கி என்று எழுதினால், கல்வெளியைத் தேடி வாழும் பறவை அங்கே இருந்ததற்கான தடயமே அழிந்துவிடும். தவறாக எழுதிய பெயர் காலியிடத்தைவிடக் கெடுதல் செய்யும், ஏனென்றால் காலியிடத்தை நிரப்ப யாராவது மறுபடி போவார்கள். எழுதிய பெயரைச் சரிபார்க்க யாரும் போவதில்லை.

நம் மாவட்டத்திலேயே இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்று நாட்டில் முதலாவது. வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களின் காடுகள் அதில் அடங்கும். தேவாங்கும் இரவில் பூச்சி தின்னும் உயிர்தான். பகலில் போனால் கண்ணில் படாது. இருட்டில் நடந்து, கண்ணொளியைப் பார்த்து, இதுதான் என்று உறுதிசெய்துகொண்டு கணக்கெடுத்தவர்களின் உழைப்பு அந்த அறிவிப்புக்குப் பின்னால் இருக்கிறது. காட்டுக்கு வெளியே உள்ள சமவெளிக்கு அப்படிப்பட்ட கணக்கு இனிமேல்தான் வேண்டும்.

சாம்பியா நாட்டில் பக்கிகளைப் பற்றி நடந்த ஓர் ஆய்வு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு பறவையும் தன் சொந்த இறகின் நிறத்துக்கும் கோலத்துக்கும் பொருந்தும் தரையைத் தேர்ந்து உட்காருகிறது என்று கண்டார்கள். கூடு கிடையாது, வெறுந்தரையில் இரண்டு முட்டை, தரையோடு தரையாகத் தெரிவது ஒன்றே காவல். செம்மண்ணும் சரளையும் சருகும் அப்படியே இருந்தால்தான் அந்தக் காவல் நிற்கும். எனவே பக்கியைப் பதிவு செய்யும்போது தரையையும் எழுதுங்கள்: என்ன மண், என்ன கல், என்ன செடி, மேய்ச்சல் இருக்கிறதா, உழுதிருக்கிறதா என்று. பறவையின் பெயர் தெரியாத நாளிலும் இந்தக் குறிப்பு வீண்போகாது.

எப்போது போவது? பொங்கல் கணக்கெடுப்புக் காலத்தில் பக்கிகள் அதிகம் பாடுவதில்லை. பங்குனி, சித்திரையில் போங்கள். வளர்பிறை தசமிக்கு மேல் பௌர்ணமி வரை உள்ள நாட்கள் நல்லவை. பொழுது சாயும்போதே நிலவு மேலே இருக்கும், நிலவொளியில் பக்கி நெடுநேரம் வேட்டையாடும், நெடுநேரம் பாடும். சூரியன் மறைவதற்குக் கால்மணி முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். பேச வேண்டாம். கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கித் தரையில் வையுங்கள். கையில் பிடித்தால் விரல் உரசும் சத்தம் விழும். முடிவில் இடம், நேரம், தரை ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லி முடியுங்கள். 2005 முதல் உலகெங்கும் உள்ளவர்கள் பறவைக் குரல்களைச் சேர்த்து வைக்கும் ஜெனோ-கான்டோ சேகரத்தில் நான்கு பக்கிகளின் பதிவுகளும் இருக்கின்றன. வீட்டுக்கு வந்து அவற்றோடு ஒப்பிடுங்கள். குரலைக் கேட்டுப் பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலி ஒரு பெயரைக் காட்டினால் அதையும் ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் காதால் சரிபாருங்கள்.

ஆனால் அந்தப் பதிவுகளைக் கரட்டில் நின்று போட்டு ஒலிக்கவிடாதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு பக்கி வந்துவிட்டது என்று எண்ணி, அடைகாக்கும் பறவை முட்டையை விட்டு எழுந்து வரும். அந்த நேரத்தில் முட்டைக்கு யார் காவல்? டார்ச்சை அடித்துக் கண் சிவந்து மின்னுவதைப் படமெடுப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. இருட்டுக்காகவே அமைந்த கண் அது. பளீரென்ற ஒளியில் சிறிது நேரம் குருடாகிவிடும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் போகாதீர்கள். சிறுமலைச் சாலையில் கூடத்தான்.

சாலை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லாரும் வண்டியில்தான் வருகிறீர்கள். பகல் வெயிலை வாங்கிய தார்ச்சாலை இரவில் சூடாக இருக்கும், நாலாபக்கமும் பார்வைக்குத் தடை இருக்காது, பூச்சியும் கிடைக்கும். பக்கி அங்கே வந்து உட்காரும். முகப்பு விளக்கில் திகைத்துக் கடைசி நொடியில்தான் எழும். குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் முன்னால் இரண்டு சிவப்புப் புள்ளி தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, விளக்கைத் தாழ்த்துங்கள். ஏற்கெனவே அடிபட்டுக் கிடந்தால், படமும் இடமும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். வாலையும் சிறகையும் விரித்து எடுத்த படத்தில் இனம் தெரிந்துவிடும். கண் முழுமையாக உதவும் ஒரே சமயம் அந்தத் துயரமான சமயம்தான்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள் என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். 1946 டிசம்பரில் எட்மண்ட் ஜேகர் என்ற ஆசிரியர் கலிஃபோர்னியாவின் சக்வாலா மலைகளில், ஒரு பாறைக் குழியில் அசையாமல் கிடந்த பக்கிக் குடும்பப் பறவை ஒன்றைக் கண்டார். பூர்வில் என்பது அதன் பெயர். பறவைகள் பனிக்கால உறக்கம் கொள்வதில்லை என்று அறிவியல் நம்பியிருந்த காலம் அது. அவர் அடுத்த பனிக்காலத்திலும் அதே குழிக்குப் போனார். பறவை அங்கே இருந்தது. பல வாரங்கள் போய்ப் போய் அதன் எடையையும் உடல் வெப்பத்தையும் அளந்தார். ஒரு மனிதர், ஒரு குழி, ஒரு பறவை. உலகம் நம்பியிருந்தது மாறியது. உங்களுக்கு அவ்வளவு பெரிதாக எதுவும் கிடைக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மேட்டில் இந்த ஆண்டு குரல் கேட்டதா, அடுத்த ஆண்டு கேட்டதா, எந்த ஆண்டு நின்றது என்று சொல்ல முடிந்தால், நாளை அந்த மேட்டுக்குப் பொக்லைன் வரும்போது பேசுவதற்கு நமக்கு ஏதாவது இருக்கும்.

அதனால் இந்தப் பங்குனிக்கு ஆளுக்கோர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடகனாற்றுக் கரையில் ஒன்று, வேடசந்தூர்ப் பக்கத்துக் கொறங்காட்டில் ஒன்று, ஆத்தூர்ச் சாரலில் ஒன்று, ஒட்டன்சத்திரம் தாண்டிய மானாவாரியில் ஒன்று. கேட்காத நாளையும் எழுதுங்கள். எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள், எதுவும் கேட்கவில்லை என்பதும் பதிவுதான். நத்தம் பக்கத்துக் கரடுகளை யார் எடுத்துக்கொள்வது என்பதை உங்களுக்குள் முதலில் பேசி முடித்துவிடுங்கள். அங்கே சமவெளிக் குரலும் அடிவாரக் குரலும் கலக்கும். ஒருவர் பதிவு செய்யவும் ஒருவர் திசையைக் குறிக்கவும் இருவராகப் போவது நல்லது.

அன்புடன்,
திண்டுக்கல்லில் உங்களோடு பறவை பார்க்கும் ஒருவர்